வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுதான வந்திருப்பீங்க

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். சிதம்பரம் போகணும். அத்தை வீட்டு மாடி ரூமைக் கேட்கணும். சரின்னு ஒரு வார்த்தை வாங்கிட்டு கடலூர் திரும்பணும்.

பிளஸ் டூ முடிச்சாச்சு. சிதம்பரத்துல ஒரு காலேஜ்ல சீட்டும் கெடச்சாச்சு. ஹாஸ்டல் கூடாதுன்னு அப்பா சொல்லியாச்சு.

"அத்தை வீட்டுல தங்கிப் படி. இல்லன்னா தெனமும் பஸ்ஸுல போயிட்டு வா. இது ரெண்டுதான்."

இந்த அத்தை அப்பாவுக்குப் பெரியப்பா பொண்ணு. தாத்தாவுக்கு அண்ணன் மகள். பெரிய வீடு. பையன் சென்னையில வேலைக்குப் போயிட்டான். அத்தையும் மாமாவும் மட்டும் கீழ இருக்காங்க. மாடியில ஒரு ரூம் பூட்டியே கெடக்குது.

எனக்கு அந்த ரூம் எவ்வளவு வேணும்னு சொன்னா சிரிப்பீங்க. எங்க வீட்டுல அப்பா அம்மா, சித்தப்பா சித்தி, தாத்தா ஆயா, சித்தப்பா பொண்ணு தன்ஷிகா, அப்புறம் நான். எனக்குன்னு சொந்தமா இருக்கறது பீரோவுல ஒரு தட்டு. அதுலயும் பாதியில ஆயாவோட மாத்திரை இருக்குது. பப்ளிக் எக்ஸாமுக்கு நான் படிச்சது கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவுல உக்காந்து. யாராச்சும் தண்ணி எடுக்க வந்தா எழுந்து நிக்கணும்.

அத்தை வீட்டு மாடியில ஒரு ஃபேன், ஒரு ஜன்னல், ஒரு கதவு. கதவை உள்ள இருந்து சாத்தலாம். எனக்கு அது போதும்.

கெளம்பறதுக்கு முன்னாடி அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டார்.

"அங்க போயி நீ வாயத் தொறக்காத. தாத்தா பேசுவாரு. அத்தை எது கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு."

"எதுக்குப்பா? நான் என்னா தப்பாவா பேசுவேன்?"

"தப்பாப் பேச மாட்ட. அதான் பயமா இருக்குது."

சரின்னேன். தலையை ஆட்டறது ஒரு வேலையா?

அப்பதான் தாத்தா பவுடர் பூசிய தன்ஷுவைத் தூக்கிக்கிட்டு ரூமை விட்டு வெளிய வந்தார்.

"இவ எங்க கெளம்பிட்டா?"ன்னேன்.

"இவளும் வரா. சிதம்பரத்துல யாரும் இவ பேசறத நேர்ல கேட்டதே இல்ல, பாவம்."

பாவமாம்.

தன்ஷுவைப் பத்தி இங்க கொஞ்சம் சொல்லணும். வயசு நாலு. தாத்தா வாயில தன்ஷிகா நுழையாது, தஞ்சுன்னுதான் கூப்பிடுவார். அவ என்ன சொன்னாலும் எங்க வீட்டுல அது காமெடி. "தண்ணி குடு"ன்னு சொன்னாக்கூட ஆயா, "பாரேன், எப்படிக் கேக்குறா பாரேன்"னு கன்னத்தைக் கிள்ளி முத்தம் குடுப்பாங்க. ஆயாவோட பல்செட் டம்ளர்ல கெடந்ததைப் பார்த்துட்டு, "ஆயாவோட வாய் தூங்குது"ன்னு ஒரு நாள் சொல்லிட்டா. அதை ஆயா தெரு முழுக்க சொன்னாங்க. பால்காரர்கிட்ட ரெண்டு தடவை சொன்னாங்க. அவரும் ரெண்டு தடவையும் சிரிச்சார். நல்ல மனுஷன்.

தாத்தா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கிளாஸ்ல எவனாச்சும் சிரிச்சா பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சவர். இப்ப இந்த நாலு வயசுக்கு முன்னாடி தரையில உக்காந்து, "திருப்பிச் சொல்லுடா கண்ணு, திருப்பிச் சொல்லு"ன்னு கெஞ்சறார். அவர்கிட்ட அடி வாங்கின ஒரு அண்ணன் எங்க தெருவுலயே மெடிக்கல் வெச்சிருக்கார். அவர் இதைப் பார்த்துட்டு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, போட்டுக்கிட்டு திருப்பிப் பார்த்தார்.

நானும் நாலு வயசா இருந்தவதான். வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்ககிட்ட, "எப்ப ஊருக்குப் போவீங்க"ன்னு கேட்டேனாம். முதுகுல ஒண்ணு விழுந்துச்சாம். இதையே தன்ஷு போன மாசம் கேட்டா. வீடியோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டாங்க.

அவளோட ஐட்டத்துலயே டாப் எதுன்னா, சிதம்பரம் அத்தை மாதிரி பேசிக் காட்டறது.

அத்தை நல்லவங்கதான். ஆனா யாரு வந்தாலும் வாசல்லயே வழியை அடைச்ச மாதிரி நின்னு, முந்தானையை இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, முகம் கொள்ளாத சிரிப்போட சொல்வாங்க: "வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுதான வந்திருப்பீங்க."

இதுக்கு என்னா பதில் சொல்றது சொல்லுங்க. இல்லன்னு சொன்னா சோத்துக்கு வந்தவங்க ஆயிடுவோம். ஆமான்னு சொன்னா அன்னைக்குப் பூரா தண்ணிதான். எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் இல்லன்னு சொன்னதே கெடையாது. எல்லாரும் பசியோட ஆமான்னு சொன்னவங்கதான்.

இதைத் தாத்தா வீட்டுல நடிச்சுக் காட்டுவார். துண்டை முந்தானை மாதிரி சொருகிக்குவார். அதைப் பார்த்து தன்ஷு கத்துக்கிட்டா. யாரு வந்தாலும் ஓடிப் போயி வாசல்ல நின்னு, கவுனை இடுப்புல சொருகி, "வாங்க வாங்க"ன்னு ஆரம்பிச்சிடுவா. தாத்தாவும் ஆயாவும் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு சிரிப்பாங்க. அவளுக்கு அது அத்தையைக் கிண்டல் பண்றதுன்னெல்லாம் தெரியாது. வணக்கம் மாதிரி அதுவும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருக்குது அந்தக் கொழந்தை.

இவளைத்தான் அத்தை வீட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போறார். எனக்கு ரூம் வாங்கித் தர்றதுக்கு.

வெறுங்கையோட போகக் கூடாதுன்னு ஆயா ஒரு பலாப்பழத்தை சாக்குல போட்டு என் தலையில கட்டினாங்க. பண்ருட்டிப் பழம். ஏற்கனவே பழுத்து வீடு பூரா வாசனை.

"ரெண்டு நாளு போனா அழுகிடும். நாம எவ்ளோதான் தின்றது. அங்கயாச்சும் போகட்டும்"னாங்க ஆயா.

தன்ஷு பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. நான் அதைக் கவனிக்கல.

கடலூர் பஸ் ஸ்டாண்டுல தாத்தா ஹோட்டலுக்குள்ள நுழைஞ்சார்.

"ஆளுக்கு நாலு இட்லி தின்னுங்க. அங்க ஒண்ணும் பேராது. இங்கயே வயித்த ரொப்பிக்கங்க."

தன்ஷு இதையும் கேட்டா. இதையும் நான் கவனிக்கல. என் கவனமெல்லாம் இட்லியில இருந்துச்சு.

பஸ் கெளம்பிடுச்சு. என் மடியில பலாப்பழம். சாக்குக்குள்ள இருந்தே முள்ளு குத்துது. தாத்தா மடியில தன்ஷு. முதுநகர் தாண்டி குடிகாடு கிட்ட வரும்போது கெமிக்கல் கம்பெனிங்க பக்கம் இருந்து வழக்கமா வர்ற வாசனை வந்துச்சு. கடலூர்க்காரங்களுக்குப் பழக்கம். யாரும் கண்டுக்கறதில்ல, ஜன்னலை மட்டும் சாத்துவோம்.

தன்ஷு மூக்கைப் புடிச்சா. திரும்பி தாத்தாவை ஒரு மாதிரிப் பார்த்தா.

"தாத்தா, நீயா?"

பஸ்ஸே கேட்டுச்சு. முன்னாடி சீட்டு அக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. அவமானப்பட வேண்டிய மனுஷன் பெருமையில பொங்கறார்.

"நான் இல்லடா தங்கம். அது கம்பெனி வாசனை."

"எல்லா தடவையும் நீ இல்லன்னுதான் சொல்ற."

அவ்வளவுதான். தாத்தாவுக்கு சிரிச்சு சிரிச்சு புரை ஏறிடுச்சு. ஃபோனை எடுத்து ஆயாவுக்குப் போட்டு ஸ்பீக்கர்ல விட்டார். "இவ என்னா சொல்லிட்டா தெரியுமா"ன்னு ஆரம்பிச்சு மொத்தக் கதையையும் சொன்னார். அந்தப் பக்கம் ஆயா சிரிக்கற சத்தம் பஸ் டிரைவர் வரைக்கும் போச்சு. நான் பலாப்பழத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்கற மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு புரிஞ்சுது. இந்தப் பொண்ணை இப்படியே விட்டா என் ரூம் போயிடும்.

ஆலப்பாக்கம் தாண்டினதும் வேலையை ஆரம்பிச்சேன்.

"தன்ஷு, இங்க பாரு. அத்தை வீட்டுல ஒரு விஷயம் மட்டும் சொல்லக் கூடாது. சரியா?"

"என்னா விஷயம்?"

"அதான், வாங்க வாங்க..."

அவ மூஞ்சி பளிச்சுன்னு ஆச்சு. அதுவரைக்கும் அவளுக்கு அது ஞாபகத்துலயே இல்லன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது.

"சாப்பிட்டுட்டுதான வந்திருப்பீங்க!"

"ஆமா. அதச் சொல்லக் கூடாது."

"ஏன்?"

"அத்தைக்குக் கோவம் வரும்."

"ஏன்?"

"சொல்லக் கூடாதுன்னா சொல்லக் கூடாது. இப்ப சொல்லு, என்னா சொல்லக் கூடாது?"

"வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுதான வந்திருப்பீங்க."

"கரெக்ட். இன்னொரு தடவ. என்னா சொல்லக் கூடாது?"

"வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுதான வந்திருப்பீங்க."

புதுச்சத்திரம் வர்ற வரைக்கும் இப்படியே கேட்டுக்கிட்டு இருந்தேன். மறந்துடக் கூடாதே. முன்னாடி சீட்டு அக்கா திரும்பிப் பார்த்து சொன்னாங்க:

"ஏம்மா, அழகா மனப்பாடம் பண்ண வெச்சிட்டியே."

அந்த அக்கா அதைக் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

சிதம்பரத்துல எறங்கி தெற்கு வீதி பக்கம் ஆட்டோவுல போனோம். அத்தை வீட்டு கேட்டைத் தொறந்தோம். சத்தம் கேட்டு அத்தை வாசலுக்கு வந்தாங்க. வழியை அடைச்ச மாதிரி நின்னாங்க. முந்தானையை இழுத்தாங்க.

தன்ஷு தாத்தா கையை உதறிட்டு அவங்க எதிர்ல போயி நின்னா. கவுனை இழுத்தா.

ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாங்க.

"வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுதான வந்திருப்பீங்க."

ஒரு எழுத்து முன்ன பின்ன இல்ல. மார்கழியில மைக் செட் போட்டு ரெண்டு பேரு சேர்ந்து பாடற மாதிரி அப்படியே இழைஞ்சு வந்துச்சு. அதே இழுப்பு. அதே சிரிப்பு. ஒருத்தங்க புடவையில, ஒருத்தி கவுனுல.

அத்தைக்கு முதல்ல புரியல.

"அட, நான் சொல்ல வந்தத இவ சொல்றா? யாரு சித்தப்பா, சின்னவன் பொண்ணா?"

"ஆமாம்மா. தஞ்சு"ன்னார் தாத்தா. குரல் வரல. தோள் மட்டும் குலுங்குது. நான் அவர் காலை மிதிச்சேன்.

இங்க ஒரு விஷயம் நீங்க தெரிஞ்சுக்கணும். எங்க வீட்டுல இந்த ஐட்டத்தைப் போட்டா உடனே சிரிப்பு வரும், கன்னத்துல முத்தம் விழும், ஃபோன்ல வீடியோ ஓடும். இங்க ஒண்ணுமே வரல. தன்ஷு சுத்திமுத்திப் பார்த்தா. சரி, சத்தம் பத்தலன்னு நெனச்சிருப்பா. இன்னும் ரெண்டு அடி முன்னாடி போயி, கவுனை இன்னும் மேல சொருகி, தெருவுக்கே கேக்கற மாதிரி திருப்பிச் சொன்னா.

இந்தத் தடவை அத்தைக்குப் புரிஞ்சுது.

"ஏன்டி குட்டி, இது எங்க கத்துக்கிட்ட?"

"தாத்தாதான் செஞ்சு காட்டுவாரு. துண்டுல."

தாத்தா சிரிக்கறதை நிறுத்திட்டார். வருஷக்கணக்கா பசங்களை நடுங்க வெச்ச ஹெட்மாஸ்டரை நான் அன்னைக்குத்தான் நடுங்கிப் பார்த்தேன். அவர் கண்ணு என் கையைத் தேடிச்சு. பலாப்பழம்.

"இந்தாம்மா, பண்ருட்டிப் பழம். உனக்குப் புடிக்குமேன்னு தேடித் தேடி எடுத்தது."

"ஆயா சொன்னாங்க, ரெண்டு நாள்ல அழுகிடுமாம். அதான் இங்க குடுத்துடறோம்"னா தன்ஷு.

சாக்கு அத்தைக்கும் எனக்கும் நடுவுல அந்தரத்துல நின்னுச்சு. வாங்கறதா விடறதான்னு அத்தைக்குத் தெரியல. குடுக்கறதா கீழ வெக்கறதான்னு எனக்குத் தெரியல. கையெல்லாம் முள்ளு.

நான் மனசுக்குள்ள தெனமும் காலையில பஸ்ஸுக்கு ஓட ஆரம்பிச்சிட்டேன்.

அத்தை சாக்கை வாங்காமலே உள்ள போனாங்க. பின்னாடியே போயி சோஃபாவுல உக்காந்தோம். சொம்புல தண்ணி வந்துச்சு. தண்ணி மட்டும். அத்தை எதிர்ல உக்காந்து தன்ஷுவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"இங்க வாடி. உண்மையச் சொல்லு. சாப்பிட்டுட்டுத்தான வந்தீங்க?"

"ம். தாத்தா நாலு இட்லி வாங்கிக் குடுத்தாரு."

"பாத்தியா. அப்ப நான் கேட்டதுல என்னா தப்பு?"

"உங்க வீட்டுல ஒண்ணும் பேராதுன்னு வாங்கிக் குடுத்தாரு."

தாத்தா மேல பார்த்தார். அங்க ஃபேன் ஓடல. இருந்தாலும் அதையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

அப்ப உள் ரூம்ல இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. முதல்ல யாருக்கோ இருமல்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா சிரிப்பு. மாமா. அந்த வீட்டுல மாமா பேசியே நான் கேட்டதில்ல. பேப்பரை மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பார், அவ்வளவுதான். இப்ப அந்தப் பேப்பரைக் கையில சுருட்டிக்கிட்டு, கண்ணுல தண்ணி வழிய வெளிய வந்தார்.

"இன்னொரு தடவ சொல்லும்மா. அந்த வாங்க வாங்க."

தன்ஷுவுக்கு உயிர் வந்துச்சு. கடைசியில ஒரு ஆள் கெடச்சாச்சு. கவுனைச் சொருகினா. சொன்னா. மாமா கதவு நிலையைப் புடிச்சுக்கிட்டார்.

"அப்படியேதான்டி சொல்ற நீ. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படியேதான் சொல்ற"ன்னார் அத்தையைப் பார்த்து.

அத்தை மாமாவை முறைச்சாங்க. தன்ஷுவைப் பார்த்தாங்க. தன்ஷு இன்னும் கவுனை விடாம, கண்ணை அகலமாத் தொறந்து, சிரிப்பீங்களா மாட்டீங்களான்னு நின்னுக்கிட்டு இருந்தா.

அத்தை சிரிச்சிட்டாங்க.

சாதாரண சிரிப்பு இல்ல. தொடையைத் தட்டி, கொண்டை அவுந்து விழற அளவுக்கு. தன்ஷுவைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு, "போக்கிரி. பொல்லாத போக்கிரி. எவ்ளோ அறிவுங்க இந்தப் பொண்ணுக்கு. எப்படிப் புடிச்சிருக்கா பாருங்க"ன்னாங்க. திருப்பித் திருப்பி செய்யச் சொன்னாங்க. சென்னையில இருக்கற பையனுக்கு வீடியோ கால் போட்டு செய்யச் சொன்னாங்க. "அழுகின பழத்தை என் தலையில கட்டப் பாத்தீங்களே சித்தப்பா"ன்னு தாத்தா தோள்ல தட்டினாங்க. தாத்தாவுக்கு மூச்சு திரும்ப வந்துச்சு. அவரும் சிரிச்சார். பஸ்ல நடந்த "தாத்தா, நீயா" கதையை எடுத்து விட்டார். மாமா சோஃபாவுல சாஞ்சுட்டார்.

அப்புறம் நடந்ததை நான் வீட்டுல சொன்னப்ப யாரும் நம்பல. அத்தை சமைச்சாங்க. சோறு, முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். ஃபேனும் ஓடிச்சு. எங்க குடும்பத்துலயே அந்த வீட்டு அப்பளத்தைப் பார்த்த முதல் தலைமுறை நாங்கதான். நாலு இட்லி தின்ன வயித்துல எடமில்ல. இருந்தாலும் தின்னோம். விட மனசு வரல.

நான் தலையை மட்டும் ஆட்டிக்கிட்டு இருந்தேன். இன்னும் கொஞ்சம் சோறா? ஆட்டினேன். காலேஜ் எப்ப தொறக்குது, ஜூன்லயா? ஆட்டினேன். அப்பா சொன்ன மாதிரியே.

சாப்பாடு முடிஞ்சுது. நல்ல நேரம் பார்த்து தாத்தா ஆரம்பிச்சார்.

"ஏம்மா, நம்ம அபிக்கு இங்கதான் காலேஜ். அந்த மாடி ரூமு..."

"அதுக்கென்னா சித்தப்பா. சும்மாதான கெடக்குது. நம்ம பொண்ணு, இருந்து படிக்கட்டும்."

என் காதுல அது எப்படி விழுந்துச்சுன்னு சொல்லத் தெரியல. மனசுக்குள்ள மாடிப்படி ஏறிட்டேன். ஜன்னலுக்கு என்னா கலர்ல ஸ்கிரீன் போடறதுன்னு யோசிச்சேன். கதவைச் சாத்திட்டேன். தன்ஷு சாதாரணமான புள்ள இல்ல, என் குலதெய்வம்னு நெனச்சேன்.

அத்தை வெத்தலையை மடிச்சுக்கிட்டே, சிரிப்பு இன்னும் அடங்காம, என் பக்கம் திரும்பினாங்க. சும்மா ஒரு பேச்சுக்கு.

"ஏன்டி அபி, நீயே சொல்லு. நான் அப்படியா கேக்குறேன்?"

அத்தை எது கேட்டாலும் தலையை ஆட்டு. ஆட்டிட்டேன்.

ஆட்டி முடிச்சதும்தான் எதுக்கு ஆட்டினேன்னு எனக்கே தெரிஞ்சுது. அத்தை சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு. வெத்தலை கையில நிக்குது. தாத்தா என்னைப் பார்த்து கண்ணாலயே ஏதோ சொன்னார். சரி பண்ணுன்னு சொன்னாரா, வாயை மூடுன்னு சொன்னாரான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நான் சரி பண்ணுன்னு எடுத்துக்கிட்டேன்.

அத்தை மனசு நோகக் கூடாதுன்னு யோசிச்சு, ரொம்ப மெதுவா, ரொம்ப மரியாதையாச் சொன்னேன்.

"எப்பவும் இல்ல அத்தை. நாங்க வரும்போது மட்டும்தான்."

மாமா பேப்பரை எடுத்து மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்கிட்டார்.

தன்ஷு சொன்னதுல பாதிகூட நான் சொல்லல. அழுகின பழம்னு நான் சொன்னேனா? ஒண்ணும் பேராதுன்னு சொன்னேனா? துண்டைப் பத்தி பேச்சே எடுக்கல. அவ கத்திச் சொன்னா, நான் மெதுவாச் சொன்னேன். அவ ஒரு தடவகூட அத்தைன்னு சொல்லல, நான் ரெண்டு வாக்கியத்துல ஒரு அத்தை போட்டேன்.

அத்தை வெத்தலையை வாயில போட்டு மென்னாங்க. நெறைய நேரம் மென்னாங்க.

"பெரிய பொண்ணாயிட்டா சித்தப்பா இவ. வாய் ஜாஸ்தியாயிடுச்சு."

"இல்லம்மா, அது வந்து, அவ ஏதோ வெளையாட்டுக்கு..."

"வெளையாட இவ என்னா கொழந்தையா?"

தாத்தா துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டார்.

அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. மாடிக்குத் தண்ணி ஏறாது. மோட்டார் ரிப்பேர். வயசுப் பொண்ணைத் தனியா மாடியில விட பயம். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது. கடலூர் என்னா சீமையா, பஸ்தான் நிமிஷத்துக்கு ஒண்ணு ஓடுதே. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு.

அந்தக் கடைசி வரியை அவங்க சொன்னதுதான் எனக்குத் தாங்கல. நல்லவேளை, அப்ப நான் வாயைத் தொறக்கல.

தாத்தா எழுந்தார். "சரிம்மா, நாங்க வரோம்."

அத்தை தன்ஷுவை விட மாட்டேங்கறாங்க. கையில ஒரு பிஸ்கட் பாக்கெட், கன்னத்துல வெத்தலைச் சாறோட ஒரு முத்தம். கேட்டு வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்தாங்க.

"சித்தப்பா, அடுத்த ஸ்கூல் லீவு விட்டா இவளக் கொண்டாந்து இங்க விடுங்க. ஒரு மாசம் இருக்கட்டும். பிச்சாவரம் கூட்டிக்கிட்டுப் போயி போட்டிங் காட்டுறேன். மாடி ரூமு சும்மாதான கெடக்குது."

நான் கேட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

"அபிக்காவும் வரட்டுமா?"ன்னு தன்ஷு கேட்டா. நல்ல புள்ள. அவகிட்ட எனக்குக் கோவம் இல்ல.

"அக்காவுக்குக் காலேஜ் இருக்குதுடா செல்லம்"னாங்க அத்தை, என்னைப் பார்க்காம.

திரும்பி வர்ற பஸ்ல தாத்தா முதல் வேலையா ஆயாவுக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கர். வாசல்ல ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னது, பலாப்பழம், இட்லி, மாமா சிரிச்சது, ஒண்ணு விடாம சொன்னார். ஆயா சிரிச்சு, இருமி, திருப்பிச் சிரிச்சாங்க.

"அப்பளம் போட்டாளா? அவளா? பொய் சொல்றீங்க."

"சத்தியமாடி. எல்லாம் நம்ம தஞ்சுவாலதான்."

"ரூமு என்னா ஆச்சு?"

"அது இவ வாயத் தொறந்து கெடுத்துட்டா."

"அதுக்குத்தான் இவள அனுப்ப வேணாம்னு சொன்னேன்"னாங்க ஆயா.

கவனிச்சீங்களா, அனுப்ப வேணாம்னு சொன்னது என்னை. ரூம் கேட்கப் போனவளையே விட்டுட்டுப் போயிருக்கணுமாம்.

"தாத்தா, அவ என்னாவெல்லாம் சொன்னா. நான் ஒரே ஒண்ணுதான சொன்னேன்"னேன்.

"அவ கொழந்தை. சூட்டிகை."

"அப்ப நான்?"

"நீ வாயாடி."

"ரெண்டும் ஒரே விஷயம்தான தாத்தா."

"பாத்தியா, திரும்பவும் பேசுற."

அப்பா ஃபோன் வந்துச்சு. எடுத்துக் காதுல வெச்சேன். நான் ஒரு வார்த்தை சொல்லல, அதுக்குள்ள, "தலைய மட்டும்தான ஆட்டச் சொன்னேன்"ன்னார்.

"அதத்தான்பா செஞ்சேன்."

கட் பண்ணிட்டார்.

தன்ஷு என் மேல சாஞ்சு, வாயில பாதி பிஸ்கட்டோட தூங்கிப் போயிட்டா. கண்டக்டர் வந்தார்.

"பாப்பாவுக்கு எத்தன வயசு?"

"நாலு"ன்னார் தாத்தா, பட்டம் வாங்கின மாதிரி.

"அஞ்சு வரைக்கும் ஃப்ரீ. உங்களுக்கும் இந்தம்மாவுக்கும் மட்டும் எடுங்க."

உண்மை பேசறதுக்கும் இதே ரூல்தான்னு எனக்கு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.